சட்டைப் பையில் ஒரு தக்காளி

தக்காளியோடு கடைக்குப் போனேன்.
நன்றாகப் பழுத்தது, தோல் தொளதொளத்தது,
சட்டைப் பையில், டெஸ்டர் செருகும் இடத்தில்.

வாகையடி முக்கு தாண்டி
செய்யது மீரான் பாத்திரக்கடை.
“என்ன வே, கையோட கறிகாயும் கொண்டாந்துட்டீரா?”
“கத்தியைச் சோதிக்கணும்.”

வீட்டில் அருவாமணை இருக்கிறது.
கம்பத்திலிருந்து விழுந்த நாள்முதல்
என் இடது முழங்கால் அதன் முன்னால் மடங்குவதில்லை.
ஆவுடைச்செல்வி நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போய்
பத்தொன்பது நாள்.
பதினெட்டு நாள் புரோட்டா.
நேற்றுச் சின்னவன் கேட்டான்:
“அப்பா, வெண்டக்கான்னு ஒண்ணு உண்டும்லா?”

முதலில் வந்தது ஆறு கத்தி,
மரக்கட்டையில் குத்தி நிறுத்தியது,
ஆயிரத்து எண்ணூறு.
எனக்கு இருப்பது இரண்டு கை.
பன்னிரண்டு கைக்காரர் திருச்செந்தூரில் இருக்கிறார்,
அவரிடம் காட்டலாம்.

அடுத்தது கறுப்பு, அலகெல்லாம் பூ.
தக்காளித் தோலில் வழுக்கியது
மழை நின்ற கம்பத்தில் என் செருப்பு மாதிரி.

மூன்றாவது அறுபத்தைந்து ரூபாய்.
கண்ணைக் கூசும் மஞ்சள் பிளாஸ்டிக் பிடி.
“அது லாரிக்காரங்க வாங்குறது வே.”
வைத்தேன். அழுத்தவில்லை.
தோல் தானாக விலகி
ஒரு சொட்டு அவர் கண்ணாடி மேசையில் விழுந்தது.
இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தோம்.

குக்கர் எடுத்தால்
நூலை இழுத்து வெங்காயம் நறுக்கும் டப்பா இலவசம்.
நூலைப் பார்த்தேன்.
எந்தக் கம்பியும் முதலில் அறுவது ஜாயின்ட்டில்.
“இதுக்கு நூல் தனியா கிடைக்குமா?”
மீரான் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.
டப்பாவைத் திருப்பிக் கொடுத்து
எழுபது ரூபாய் குறைத்தேன்.

தோசைக்கல்லில் நாலு கிலோ ஒன்று,
தட்டினால் கோயில் மணி.
ஆனால் தினம் தூக்கிக் கழுவப் போவது
என் மணிக்கட்டு, மணியோசை இல்லை.
இரண்டரைக் கிலோவில் நின்றேன்.

இவ்வளவு கணக்குப் பார்த்தவன்
முட்டையை இதயம்போல் பொரிக்கும் வளையம் ஒன்றும் வாங்கினேன்.
முப்பது ரூபாய்.
எதற்கும் உதவாதென்று தெரிந்தே.

வண்ணாரப்பேட்டைப் பாலத்தடியில்
வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
“பையில என்ன?”
“கத்தி.”
சொன்ன பிறகுதான்
அந்தச் சொல் எந்த ஊரில் நிற்கிறதென்று உறைத்தது.
இளங்காவலர் இருவர் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

ஏட்டம்மா வாங்கினார். பெயர்ப்பட்டையில் ஜெபக்கனி.
கட்டைவிரலைக் கூருக்குக் குறுக்கே வைத்தார்,
நெடுக்கே வைக்கவில்லை.
சமைக்கிறவர்.
“எவ்ளோ?”
“அறுபத்தஞ்சு.”
“வெட்டுமா?”

பையிலிருந்து மிச்சத் தக்காளியை எடுத்தேன்.
வண்டி சீட்டில் குக்கர் பெட்டி, அதன்மேல் பில்.
அரிந்த வில்லையைத் தூக்கிக் காட்டினேன்,
அதன் வழியே தெருவிளக்கு தெரிந்தது.
(அந்த விளக்கு நான் மாட்டியது. சொல்லவில்லை.)

“கடை எங்கன இருக்கு?”
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.
வழக்குப் பக்கமா, வீட்டுப் பக்கமா, தெரியாது.
“குவார்ட்டர்ஸ்ல ஒண்ணு கெடக்கு,
பழுத்த பப்பாளிகிட்டயே தோத்துப் போவும்.”

ராத்திரி வெண்டைக்காய்.
ஒன்று விரல் நீளம், ஒன்று பொத்தான்.
கல்லில் ஒட்டியதைச் சுரண்டி நான் தின்றேன்,
புதுக்கல் முதல் நாளில் அப்படித்தான்.

வீடியோவில் வந்தாள்.
“விரல்ல என்ன கட்டு?”
“அறுபத்தஞ்சு ரூவா.”
சின்னவன் தட்டைத் தூக்கிக் காட்டினான்:
“அம்மா, அப்பா ஹார்ட் பொரிச்சாங்க!”

மஸ்கட்டில் திரைக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுவந்து
நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
“இது கிட்னில. வலது கிட்னி.”